கேளுங்க, சொல்றேன்: ஹைஸ்கூல் மார்க் போனா யூசி கதவும் மூடிடுமா?

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான்: ஸ்கூல் மார்க் குறைஞ்ச பிள்ளை, ரெண்டு வருஷப் படிப்பு கொடுக்கற கம்யூனிட்டி காலேஜ் மாதிரி வேற இடத்துல சேர்ந்து, அங்கிருந்து யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா, பெர்க்லி, யூசிஎல்ஏ எல்லாம் இதோட கேம்பஸ்) மாதிரி பெரிய இடத்துக்கு மாற முடியுமான்னு. மார்ச் ஏப்ரல் ஆச்சுன்னா அமெரிக்காவுல இருக்கிற நம்ம வீடுகள்ல சாம்பார் கொதிக்குதோ இல்லையோ மனசு கொதிக்கும், காலேஜ் ரிசல்ட் வர்ற நேரம் இல்லையா. அதனால இந்தத் தடவை மாமியார் கேள்வி, விசா கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன். பதினோரு வருஷம் பே ஏரியாவுல ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல சாயங்கால கணக்கு கிளாஸ் எடுத்தவ நான், அதனால இதுல கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன், பொறுத்துக்கோங்க.

பெயர் வேண்டாம், ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

அக்கா வணக்கம். என் பையன் பன்னிரண்டாவது முடிக்கிறான். எட்டாவது வரைக்கும் கிளாஸ்ல முதல் அஞ்சு பேர்ல இருந்தவன், பத்தாவதுல இருந்து என்னமோ ஆயிடுச்சு, ராத்திரி மூணு மணி வரைக்கும் முழிச்சிருப்பான், காலையில எழுப்பவே முடியாது. இப்போ ஜிபிஏ 4க்கு 2.4. யூசிக்கு அப்ளை பண்ணவே தகுதி இல்லைன்னு ஸ்கூல் கவுன்சலர் சொல்லிட்டாங்க, கம்யூனிட்டி காலேஜ் போய் ரெண்டு வருஷம் கழிச்சு மாறலாம்னாங்க. என் வீட்டுக்காரர் 'அது காலேஜே இல்லை, ஊர்ல ஏதாவது பிரைவேட் இன்ஜினியரிங் காலேஜ்ல சேர்த்துடலாம்'ங்கறார். நாங்க இன்னும் கிரீன் கார்டு வரிசையிலதான் நிக்கிறோம். பொங்கல் விழாவுல சாப்பாட்டு வரிசையில நிக்கும்போது நாலு பேர் 'பையன் எந்த காலேஜ்'னு கேட்டாங்க, எனக்கு தட்டை வச்சுட்டு வீட்டுக்குப் போயிடலாம்னு இருந்துச்சு. நிஜமாவே அங்கிருந்து பெர்க்லி மாதிரி இடத்துக்குப் போக முடியுமா? இந்த 2.4 அவனை விடாம துரத்துமா?

பதில்

முதல்ல கடைசிக் கேள்வி. துரத்தாது. கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சுட்டு மூணாவது வருஷத்துக்கு யூசிக்கு அப்ளை பண்ணும்போது ஹைஸ்கூல் எங்க படிச்சேன்னு கேட்பாங்களே தவிர அந்த மார்க்கை வச்சு எடை போட மாட்டாங்க. எஸ்ஏடி நுழைவுத் தேர்வும் கிடையாது. அவங்க பாக்கறது காலேஜ்ல என்ன கிளாஸ் எடுத்தான், என்ன கிரேடு வாங்கினான், அவன் கேக்கற மேஜருக்கு (முதன்மைப் பாடம்) வேண்டிய அடிப்படைப் பாடமெல்லாம் முடிச்சிருக்கானா, அவ்வளவுதான். கலிஃபோர்னியா பையனா இருந்தா டிரான்ஸ்பருக்கு குறைஞ்சபட்சம் 2.4 போதும்னு ரூல் (உங்க பையனோட அதே நம்பர், பாருங்க!), ஆனா அது கேட்டைத் தொடற அளவுதான், பெர்க்லி, யூசிஎல்ஏ மாதிரி இடத்துக்கு 3.5க்கு மேல இல்லாம பேசாதீங்க.

உங்க வீட்டுக்காரருக்கு ஒரு சேதி சொல்லுங்க. இது யாரோ பரிதாபப்பட்டு திறந்து வச்ச பின்வாசல் இல்ல. 1960ல கலிஃபோர்னியா ஒரு மாஸ்டர் பிளான் போட்டுச்சு, ஹைஸ்கூல் முடிக்கறவங்கள்ல மேல இருக்கிற எட்டுல ஒரு பங்குக்கு யூசி, மூணுல ஒரு பங்குக்கு கால் ஸ்டேட்ங்கற இன்னொரு மாநில யூனிவர்சிட்டி, மத்த எல்லாருக்கும் ஜூனியர் காலேஜ் (இப்போ கம்யூனிட்டி காலேஜ்), அங்க நல்லாப் படிச்சா மேல ஏறி வரலாம்னு. அந்த ஏணி இன்னைக்கும் நிக்குது. ரெண்டு ஃப்ரெஷ்மனுக்கு (ஸ்கூல் முடிச்சு நேரா முதல் வருஷம் சேர்றவங்க) ஒரு டிரான்ஸ்பர்ங்கற கணக்குல எடுக்கணும்ங்கறது யூசியோட குறிக்கோள். யூசிஎல்ஏ எடுக்கற டிரான்ஸ்பர் பசங்கள்ல பத்துல ஒம்பது பேருக்கு மேல கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்லேருந்துதான் வர்றாங்க. ஃப்ரெஷ்மனா யூசிஎல்ஏல இடம் கிடைக்கறது நூத்துக்கு ஒம்பது பத்து பேருக்குன்னா டிரான்ஸ்பர்ல சுமாரா நாலுல ஒருத்தருக்குக் கிடைக்குது. ஆப்பிள் ஆரம்பிச்ச ஸ்டீவ் வாஸ்னியாக் கொலராடோவுல ஒரு வருஷம் படிச்சுட்டு திரும்பி வந்து குப்பர்டினோ டி ஆன்சாவுல படிச்சு அப்புறம்தான் பெர்க்லிக்குப் போனார். இதை அடுத்த பொங்கல் விழா வரிசையில சொல்லுங்க, எதிர்ல நிக்கிறவங்க அப்பளத்தைப் பாத்துக்கிட்டு இருந்துடுவாங்க.

காசு விஷயத்தையும் சொல்லிடறேன். உங்க ஊர்லயே ஒலோன் காலேஜ் இருக்கு. கலிஃபோர்னியாவாசிக்கு, பாடத்தோட அளவைக் குறிக்கற ஒரு யூனிட்டுக்கு 46 டாலர், செமஸ்டருக்கு 15 யூனிட் எடுத்தா 690, வருஷத்துக்கு 1,380. யூசில ஃபீஸ் மட்டுமே வருஷத்துக்கு 14,000 டாலருக்கு மேல, ரூம் சாப்பாடு தனி. முழுநேரமா முதல்முறை சேர்ற பசங்களுக்கு ரெண்டு வருஷ ஃபீஸையே தள்ளுபடி பண்ற திட்டமும் இருக்கு, உங்க விசாவுல அது பொருந்துமான்னு அட்மிஷன்ஸ் ஆபீஸ்ல கேட்டுக்கோங்க.

விசான்னு வந்ததால இதை இங்கயே சொல்லிடறேன், ஏன்னா இதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. பையன் எச்-4ல (வேலை விசாவுல இருக்கறவங்க குடும்பத்துக்குக் கொடுக்கற விசா) இருக்கான்னு நினைக்கறேன். எச்-4ல இருக்கிற பசங்க கலிஃபோர்னியாவாசியா ஃபீஸ் கட்டலாம். ஆனா 21 வயசு ஆனா எச்-4 முடிஞ்சிடும், அதுக்குள்ள கிரீன் கார்டு வரலைன்னா எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறணும், அப்போ வெளியூர் ஃபீஸ் தலையில வந்து விழலாம். உங்க பையனுக்கு 21 ஆகறது யூசிக்குள்ள நுழையற நேரத்துல வரும். அதனால அவனுக்கு 20 ஆகறதுக்கு முன்னாடியே வக்கீல்கிட்டயும் போகப்போற கேம்பஸ்ல ரெசிடென்சி பாக்கறவங்ககிட்டயும் பேசிடுங்க. இதுல ஒரு மாசம் தள்ளிப்போட்டாலும் அது ஆயிரக்கணக்கான டாலர்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். பழைய மார்க் போச்சு, சரி. ஆனா புதுக் கணக்கு முதல் நாள் முதல் கிளாஸ்லயே ஆரம்பிக்குது, நம்ம பசங்க சறுக்கறது அங்கதான். 'கம்யூனிட்டி காலேஜ்தானே, ஹைஸ்கூல் மாதிரி ஈசியா இருக்கும், ரெண்டாவது வருஷம் பாத்துக்கலாம்'னு முதல் செமஸ்டரை ஊதித்தள்ளிடறாங்க. ரெண்டாவது வருஷம்னு ஒண்ணு நிஜமா கிடையாதும்மா. அவன் ரெண்டாவது வருஷம் ஆரம்பிச்ச உடனே, அக்டோபர் நவம்பர்ல, யூசி அப்ளிகேஷன் போட்டாகணும். அப்போ கையில இருக்கிறது முதல் வருஷ மார்க் மட்டும்தான். அது மட்டும் இல்ல, டேக்னு ஒரு ஏற்பாடு இருக்கு, டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் இந்த ஆறுல ஏதாவது ஒண்ணுல, அவங்க சொல்ற ஜிபிஏவும் பாடமும் இருந்தா இடம் உறுதி, முன்கூட்டியே எழுத்துல. அதுக்கு செப்டம்பர் ஒண்ணுலேருந்து முப்பதுக்குள்ள ஃபைல் பண்ணணும். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூணும் இந்த ஏற்பாட்டுல இல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஜினியரிங்குக்கும் பல இடத்துல டேக் கொடுக்கறதில்ல. நாலுல ஒருத்தருக்குக் கிடைக்குதுன்னு மேல சொன்னேன் பாருங்க, அது எல்லா மேஜரையும் சேர்த்த சராசரி, பெர்க்லியில கம்ப்யூட்டர் சயின்ஸ்னு கேட்டா அந்தக் கதவு ஊசிக்காதுதான். பையன் சரித்திரமோ பொருளாதாரமோ உயிரியலோ படிக்க ஆசைப்பட்டா 'அதுல என்ன வேலை கிடைக்கும்'னு ஆரம்பிக்காதீங்க தயவுசெஞ்சு.

கிளாஸ் எடுக்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது அசிஸ்ட்னு ஒரு அரசாங்க வெப்சைட். பையனைப் பக்கத்துல உக்கார வச்சு ஒரு ஞாயித்துக்கிழமை காலையில காபியோட திறந்து பாருங்க. அவன் காலேஜ் பேரு, போகணும்னு நினைக்கற கேம்பஸ் பேரு, மேஜர், மூணையும் போட்டா ஒரு பக்கம் ரெண்டு பத்தியா வரும். இடது பக்கம் அந்த கேம்பஸ்ல முதல் ரெண்டு வருஷம் படிக்கற பாடம், வலது பக்கம் அதுக்கு இணையா உங்க காலேஜ்ல இருக்கிற பாடம். இடது பக்கம் ஒரு கால்குலஸ் இருக்கும், வலது பக்கம் ரெண்டு கிளாஸையும் சேர்த்து எடுத்தாதான் அதுக்கு ஈடுன்னு போட்டிருக்கும், ஒண்ணை மட்டும் எடுத்தா அரைக்கிணறு தாண்டின கதைதான். சில இடத்துல வலது பக்கம் இணையான பாடமே இல்லைன்னு இருக்கும், அப்போ பக்கத்து ஊரு காலேஜ்ல அந்த ஒரு கிளாஸை எடுக்கலாம், நிறையப் பேர் அப்படித்தான் பண்றாங்க. கூட்டாளி எடுக்கறான்னு கிளாஸ் எடுத்து மூணு வருஷம் நாலு வருஷம் அங்கேயே சுத்திக்கிட்டிருந்த பசங்களை எனக்குத் தெரியும். புத்தி இல்லாத பசங்க இல்ல அவங்க, இந்தப் பக்கத்தை யாரும் காட்டாத பசங்க.

கணக்கைப் பத்தி எனக்கு ஒரு புலம்பல் உண்டு. முன்னாடியெல்லாம் ஹைஸ்கூல்ல கணக்கு வரலைன்னா காலேஜ்ல அடிமட்ட அல்ஜீப்ராவுலேருந்து ஆரம்பிக்க வைப்பாங்க, கிரெடிட்டும் கிடைக்காது, வருஷமும் போயிடும், பாதிப் பேர் வெறுத்துப்போய் நின்னுடுவாங்க. 2017ல ஏபி 705னு ஒரு சட்டம் வந்து அதை மாத்துச்சு, ஒரு வருஷத்துக்குள்ள டிரான்ஸ்பர் லெவல் கணக்கும் இங்கிலீஷும் முடிக்கற மாதிரி பாத்து சேர்க்கணும்னு. நல்ல சட்டம்தான். ஆனா அதனால 2.4 பையனும் நேரா டிரான்ஸ்பர் லெவல் கணக்குல வந்து உக்காந்துடறான். கூடவே ஒரு சப்போர்ட் கிளாஸ் இருக்கும், எடுக்கச் சொல்லுங்க, கௌரவம் பாக்க வேண்டாம்.

என் கிளாஸ்ல ஒரு பையன் இருந்தான், பகல்ல கேஸ் ஸ்டேஷன்ல வேலை, சாயங்காலம் யூனிஃபார்ம் சட்டையோட வந்து கடைசி வரிசையில உக்காருவான். முதல் குவிஸ்ல இருபதுக்கு ஏழு. பேப்பரை நாலா மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டு ஆபீஸ் அவர்ஸ்ல வந்து நின்னான், கோர்ஸை டிராப் பண்ணலாமான்னு கேட்டான். பேப்பரைப் பிரிச்சுப் பாத்தா டெரிவேட்டிவ் எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கான், கடைசி வரியில எக்ஸ் பிளஸ் 3, கீழ எக்ஸ், மேலயும் கீழயும் எக்ஸை அடிச்சுட்டு விடை 3ன்னு எழுதியிருக்கான். ஆறு கணக்குல நாலுல இதே தப்பு. பதினோரு வருஷத்துல நான் பாத்தது இதுதான், கால்குலஸ்ல ஃபெயில் ஆகறவங்க கால்குலஸால ஃபெயில் ஆகறதில்ல, ஏழாங்கிளாஸ் பின்னத்தாலதான் ஃபெயில் ஆகறாங்க. மூணு வாரம் டியூட்டரிங் சென்டர்ல வெறும் பின்னமும் அல்ஜீப்ராவும் போட்டான், அது இலவசம் வேற. அந்த கிளாஸ்ல அவன் பி வாங்கினான். ஏ இல்ல, பி. அடுத்த கால்குலஸ்ல ஏ. ரெண்டு வருஷம் கழிச்சு டேவிஸ்லேருந்து ஈமெயில் போட்டான். உங்க பையனுக்கு ஜூன் ஜூலை ரெண்டு மாசம் இருக்கு, அதுல எட்டாவது ஒம்பதாவது அல்ஜீப்ராவை மட்டும் திரும்பப் போடச் சொல்லுங்க, வேற எந்த கோச்சிங்கும் வேண்டாம். ஆயிரக்கணக்குல டாலர் வாங்கிட்டு டிரான்ஸ்பர் பிளான் போட்டுத் தர்றேன்னு சொல்றவங்களும் வேண்டாம், அந்த வேலைக்குன்னே காலேஜ்ல சம்பளம் வாங்கற கவுன்சலர் இருக்காங்க.

ஆனா இதையெல்லாம் விட முன்னாடி ஒண்ணு இருக்கு. எட்டாவது வரைக்கும் முதல் அஞ்சுல இருந்த பிள்ளை பத்தாவதுல ராத்திரி மூணு மணி வரைக்கும் முழிச்சிருக்கான்னா அதுக்குப் பேரு சோம்பேறித்தனம் இல்லம்மா. கேமா, மனச்சோர்வா, ஏடிஎச்டியா, ஸ்கூல்ல எவனாவது சீண்டினானா, எதுன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியலைன்னு உங்க கடிதத்துலயே இருக்கு. முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஏதாவது இருக்குன்னு தெரிஞ்சா காலேஜ்ல டிஎஸ்பிஎஸ்னு ஒரு ஆபீஸ் இருக்கு, பரீட்சையில கூடுதல் நேரம், தனி ரூம்னு ஏற்பாடு பண்ணித் தருவாங்க, அது டிரான்ஸ்கிரிப்ட்ல எங்கயும் வராது. காரணத்தைத் தொடாம காலேஜை மட்டும் மாத்தினா, அது ஃப்ரீமாண்டா இருந்தாலும் ஊர்ல பிரைவேட் காலேஜா இருந்தாலும் ராத்திரி மூணு மணி அங்கயும் வரும்.

இன்னொண்ணு. இதுவரைக்கும் ஸ்கூல் போர்ட்டல்ல தினமும் மார்க் பாத்துக்கிட்டு இருந்திருப்பீங்க. காலேஜ்ல சேர்ந்த அன்னைக்கே அது முடிஞ்சது. ஃபெர்பான்னு 1974லேருந்து ஒரு சட்டம், பிள்ளை எழுதிக் கொடுத்தாலொழிய அம்மா அப்பாவுக்கு மார்க் காட்ட மாட்டாங்க, ஃபீஸ் நீங்க கட்டினாலும் சரி. புரொஃபசருக்கு ஃபோன் பண்ணாதீங்க. எனக்கு அப்படி ஃபோன் வந்திருக்கு, 'உங்க பையன் என் கிளாஸ்ல இருக்கானா இல்லையான்னு கூட நான் சொல்ல முடியாதுங்க'ன்னு தமிழ்லயே சொல்லியிருக்கேன்.

பெயர் வேண்டாம், சான் ஹோசே

ஆன்ட்டி, நான் இங்க ஒரு குவார்ட்டர் சிஸ்டம் (செமஸ்டருக்குப் பதிலா குவார்ட்டர்) கம்யூனிட்டி காலேஜ்ல முதல் வருஷம். ஹைஸ்கூல்லயும் சுமார்தான். முதல் குவார்ட்டர் முடிஞ்சது, கால்குலஸ்ல எஃப், கெமிஸ்ட்ரில டி, இங்கிலீஷ்ல மட்டும் பி. வீட்டுல சொல்லலை. வேற காலேஜ்ல புதுசா சேர்ந்து அங்கிருந்து யூசிக்கு அப்ளை பண்ணா இந்த மார்க் தெரியாம போயிடுமா? ஃப்ரெண்ட் ஒருத்தன் அப்படிப் பண்ணலாம்ங்கறான்.

பதில்

தம்பி, அந்த ஃப்ரெண்டோட பேச்சை இத்தோட விடு. ஹைஸ்கூலுக்கு அப்புறம் எந்த காலேஜ்ல ஒரு கிளாஸ் எடுத்திருந்தாலும் அப்ளிகேஷன்ல போட்டே ஆகணும், மறைச்சது தெரிஞ்சா கிடைச்ச இடத்தையே பிடுங்கிடுவாங்க. எஃப் வாங்கினது தப்பில்ல, அதை மறைக்கறதுதான் உன்னைக் கவுக்கும்.

சரி, நிலைமை எவ்வளவு மோசம்னு கணக்கு போட்டே பாத்துடலாம். ஒவ்வொண்ணும் 5 யூனிட்னு வச்சுக்கோ, எஃப்புக்கு 0, டிக்கு 1, பிக்கு 3, யூனிட்டோட பெருக்கினா மொத்தம் 20, அதை 15ஆல வகுத்தா 1.33. பாக்கவே பயமாத்தான் இருக்கு. ஆனா டி, எஃப் வாங்கின கிளாஸைத் திரும்ப எடுத்தா யூசி ஜிபிஏ கணக்குல புது கிரேடைத்தான் எடுத்துக்கும், டிரான்ஸ்கிரிப்ட்ல பழசும் தெரியும், கணக்குல வராது. ரெண்டுலயும் பி வாங்கினன்னு வை, அதே 15 யூனிட் 3.0 ஆயிடும். டிரான்ஸ்பருக்கு மொத்தம் 90 குவார்ட்டர் யூனிட் வேணும், மிச்சம் 75 யூனிட்ல 3.8 வாங்கினா கடைசியில 3.67ல நிப்ப. அதோட யூசிஎல்ஏக்கு அப்ளை பண்ணலாம், கிடைக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா அப்ளை பண்றதுல வெக்கம் இல்ல. ஒரு எச்சரிக்கை, சி வாங்கின கிளாஸைத் திரும்ப எடுத்து ஏ ஆக்கலாம்னு நினைக்காத, அது நடக்காது. யூசிக்கு டி, எஃப் மாதிரி சிக்குக் கீழ விழுந்ததுக்குத்தான் இந்த சலுகை.

குவார்ட்டர் காலேஜோட வேகத்தைப் பத்தி யாரும் உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. மொத்தமே பன்னிரண்டு வாரம். நாலாவது வாரம் முதல் மிட்டெர்ம் வந்துடும், ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்தா பன்னிரண்டுல ஒரு பங்கு போச்சு. முதல் ரெண்டு வாரத்துக்குள்ள டிராப் பண்ணா ரெக்கார்டுலயே வராது, அப்புறம் ஒரு தேதி வரைக்கும் டபிள்யூ (கிளாஸை விட்டு விலகினதுக்கான குறி) விழும், அது ஜிபிஏல சேராது. அந்த ரெண்டு தேதியையும் இன்னைக்கே ஃபோன்ல அலாரம் போட்டு வை. ஒண்ணு ரெண்டு டபிள்யூவை யாரும் கண்டுக்க மாட்டாங்க, வரிசையா இருந்தா ஓடி ஒளியற பையன்னு நினைப்பாங்க. கால்குலஸும் கெமிஸ்ட்ரியும் ஒரே குவார்ட்டர்ல திரும்ப எடுக்காத. ஒண்ணு ஒண்ணா எடு, ஒரு குவார்ட்டர் தள்ளிப்போனா குடி ஒண்ணும் முழுகாது.

அப்ளிகேஷன்ல நாலு கேள்விக்கு பதில் எழுதணும், ஒவ்வொண்ணும் 350 வார்த்தைக்குள்ள. அதுல ஒண்ணு கட்டாயம், மேஜருக்கு எப்படித் தயார் பண்ணிக்கிட்டன்னு. நிறையப் பசங்க அங்க சோகக்கதை எழுதி முடிச்சுடறாங்க. சோகத்துக்கு ரெண்டு வரி போதும், மிச்சம் முழுக்க அந்த குவார்ட்டருக்கு அப்புறம் நீ என்ன மாத்தினன்னு இருக்கணும், அதுக்கு மார்க் சாட்சி சொல்லணும்.

வீட்டுல சொல்லிடு. ஃபெர்பா புண்ணியத்துல அவங்களுக்குத் தானாத் தெரிய வராது, அதனாலதான் நீயே சொல்லணும். எஃப்னு சொல்லும்போதே மேல இருக்கிற கணக்கையும் ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டு. நம்ம அப்பாக்களுக்கு நம்பர் காட்டினா பாதி கோபம் இறங்கிடும்.

ஒரு தந்தை, எடிசன், நியூ ஜெர்சி

மேடம், எங்க பொண்ணு ஹைஸ்கூல்ல பெரும்பாலும் பி, சி. நாங்க பென்சில்வேனியாவுல ஒரு சின்ன பிரைவேட் காலேஜ்ல சேர்த்தோம். அங்க முதல் செமஸ்டர்ல 3.9 வாங்கிட்டா. நாங்க இப்போ கொலம்பியா அல்லது கார்னெலுக்கு மாத்தலாம்னு இருக்கோம். ஸ்கூல் மார்க்கைப் பாப்பாங்களா? நாங்க எப்போ அப்ளை பண்ணணும்? நாங்க ஏதாவது கன்சல்டன்டைப் பிடிக்கணுமா?

பதில்

சார், பாப்பாங்க. மேல ரெண்டு பேருக்குச் சொன்னது கலிஃபோர்னியா அரசாங்க யூனிவர்சிட்டி கதை, பிரைவேட் யூனிவர்சிட்டிங்களுக்கு அது பொருந்தாது. அங்க பெரும்பாலும் ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்ட் கேட்பாங்க, இப்போ படிக்கற காலேஜ்லேருந்து ஒரு ரிப்போர்ட், புரொஃபசருங்க சிபாரிசுக் கடிதம் இதெல்லாமும் கேட்பாங்க. முதல் வருஷத்துலயே அப்ளை பண்ணா கையில இருக்கறது ஒரு செமஸ்டர் காலேஜ் மார்க்கும் நாலு வருஷ ஸ்கூல் மார்க்கும், தராசு எந்தப் பக்கம் சாயும்னு நீங்களே பாருங்க. ரெண்டாவது வருஷம் அப்ளை பண்ணி மூணாவது வருஷத்துக்குப் போனா காலேஜ் மார்க் மூணு செமஸ்டர் இருக்கும், பழசு கொஞ்சம் மங்கிடும். ஒபாமா கூட லாஸ் ஏஞ்சலஸ்ல ஆக்சிடென்டல் (Occidental) காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சுட்டு 1981லதான் கொலம்பியாவுக்கு மாறினார்.

ஐவி லீக்னு சொல்ற எட்டு பழைய பிரைவேட் யூனிவர்சிட்டியும் ஒண்ணு இல்ல. ஹார்வர்டுலயும், ஐவி இல்லாட்டியும் அதே ரகமான ஸ்டான்ஃபோர்டுலயும் டிரான்ஸ்பர் இடம் நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான். பிரின்ஸ்டன் கிட்டத்தட்ட முப்பது வருஷம் டிரான்ஸ்பரே எடுக்காம இருந்து 2018லதான் திரும்ப ஆரம்பிச்சாங்க, அதுலயும் ராணுவத்துல இருந்தவங்க, கம்யூனிட்டி காலேஜ் பசங்க, வசதி இல்லாத குடும்பத்துப் பசங்களுக்குத்தான் முன்னுரிமை. கார்னெல் இதுல தாராளம், வருஷா வருஷம் நூத்துக்கணக்குல எடுக்கறாங்க. கார்னெல்னு சொன்னீங்களே, நல்ல குறி அது. ஆனா மாறும்போது எடுத்த கிரெடிட் எல்லாம் செல்லும்னு உறுதி இல்ல, டிரான்ஸ்பருக்கு உதவித்தொகையும் சில இடத்துல கம்மி, இந்த ரெண்டையும் எழுத்துல கேட்டுக்கோங்க. உங்க வீட்டுப் பக்கத்துல இருக்கிற மாநில யூனிவர்சிட்டி ரட்கர்ஸை மறந்துடாதீங்க. நியூ ஜெர்சியில கவுன்டி காலேஜ்லேருந்து (அங்கத்த கம்யூனிட்டி காலேஜ்) மாநில யூனிவர்சிட்டிக்கு மாறறதுக்கு மாநில அளவுலயே உடன்பாடு இருக்கு, இதைப் படிக்கற வேற எடிசன்காரங்க மிடில்செக்ஸ் காலேஜ் பக்கம் எட்டிப் பாருங்க.

கன்சல்டன்ட் வேண்டாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. உங்க கடிதத்துல 'நாங்க' நாலு தடவை வருது. பொண்ணு என்ன மேஜர், அந்த காலேஜ்ல அவளுக்கு என்ன பிடிக்கலை, ஒரு வார்த்தை இல்ல. டிரான்ஸ்பர் அப்ளிகேஷன்ல முக்கியமான கேள்வியே 'ஏன் மாற நினைக்கற'ங்கறதுதான், அதுக்கு 'எங்க அப்பா'ன்னு எழுத முடியாது. பி, சி வாங்கின பொண்ணு ஒரு இடத்துல 3.9 வாங்கறான்னா அந்த இடம் அவளுக்கு ஒத்துக்கிட்டிருக்கு போல. ரெண்டாவது செமஸ்டர் முடியட்டும், அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்க.

பிளஸ் டூ முடித்த மாணவன், கோயம்புத்தூர்

அக்கா, பிளஸ் டூவுல 61 சதவீதம். யூடியூப்ல பாத்தேன், அமெரிக்கால கம்யூனிட்டி காலேஜ் போனா அப்படியே பெர்க்லி, யூசிஎல்ஏ போயிடலாம்ங்கறாங்க. அப்பா கடன் வாங்கித் தர்றேன்னு சொல்றார். போகலாமா?

பதில்

தம்பி, வீடியோவுல சொன்னது பொய் இல்ல, பாதியை விட்டுட்டாங்க. 61 சதவீதத்தோட அந்த காலேஜ்கள்ல இடம் கிடைக்கும், வெளிநாட்டுப் பசங்க நிறையப் பேர் அப்படிப் போய் யூசிக்கு மாறவும் செய்யறாங்க. குறைஞ்சபட்ச ஜிபிஏ உனக்கு 2.4 இல்ல, 2.8.

மேல ஃப்ரீமாண்ட் அம்மாவுக்குச் சொன்ன 46 டாலர் கலிஃபோர்னியாவாசிக்கு மட்டும்தான். உனக்கு யூனிட்டுக்கு அதுமாதிரி பல மடங்கு. அது கூடப் பரவாயில்ல, நிஜமான அடி மூணாவது வருஷம் விழும். யூசில வெளியூர்க்காரங்க சாதாரண ஃபீஸுக்கு மேல வருஷத்துக்கு 34,000 டாலருக்கும் அதிகமா கூடுதலாக் கட்டணும், அதோட வாடகை, சாப்பாடு, இன்ஷூரன்ஸ். அமெரிக்க அரசாங்க உதவித்தொகை எஃப்-1 பசங்களுக்குக் கிடையாது. முதல் வருஷம் கேம்பஸுக்கு வெளிய வேலை செய்யக் கூடாது, கேம்பஸுக்குள்ளயும் செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான். ஒவ்வொரு டெர்ம்லயும் குறைஞ்சது 12 யூனிட் இருக்கணும், அதனால கஷ்டமா இருக்குன்னு கிளாஸை டிராப் பண்ற சுதந்திரம் கூட சான் ஹோசே தம்பிக்கு இருக்கிற அளவு உனக்கு இல்ல. அப்பா கடன் வாங்கறது முதல் ரெண்டு வருஷத்துக்கா நாலு வருஷத்துக்குமான்னு முதல்ல கேளு. ரெண்டுக்குத்தான்னா கிளம்பாத, நடு ஆத்துல படகை விட்டு இறங்கற மாதிரி ஆயிடும்.

நாலுக்கும் வழி இருக்குன்னா திரும்ப எழுது. அப்போ இந்த 61ஐ எழுதாத, அது ஆறு பாடத்தோட சராசரி, எனக்கு அது எதுவும் சொல்லலை. கணக்கு பேப்பர்ல எவ்வளவுன்னு அந்த ஒரு நம்பரை மட்டும் தனியா எழுதி அனுப்பு.